ஊரில் பிறந்த இரண்டும் நன்றாக இருக்கின்றன, மும்பையில் பிறந்த பிள்ளை மட்டும் ஏன் தங்கவில்லை?

பொருநைக்காரி:

வணக்கம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்குக் கல்யாணம் ஆகி எட்டு வருடம். முதல் இரண்டு பிள்ளைகளும் ஊரில், அம்பாசமுத்திரம் பக்கத்தில் பிறந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊரில் வேலை நிரந்தரமில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மும்பைக்குப் போனார்கள். கோவண்டி சிவாஜி நகரில் ஒரே அறை வீடு, மேலே தகரம், வாசற்படியை ஒட்டியே சாக்கடை. மூன்றாவது பையன் அங்கேதான் பிறந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், இரண்டே முக்கால் கிலோ இருந்தான். போன ஆடி மாதம், ஒன்பது மாதம்கூட முடியவில்லை, போய்விட்டான். முதலில் வயிற்றுப்போக்கு. சரியாகி, பத்து நாளில் திரும்ப வந்தது. சந்து முனையில் ஒரு டாக்டர் ஊசி போட்டு ஏதோ மருந்தும் கொடுத்தார், நின்றது. அப்புறம் சளி, இருமல், மூச்சு வாங்கியது. ஆட்டோவில் இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரி. சேர்த்த அன்று ராத்திரியே முடிந்துவிட்டது.

எனக்குப் புரியாதது இதுதான். எங்கள் ஊரிலிருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கு பதினான்கு கிலோமீட்டர், ஒரே ஒரு பஸ்தான் இருந்தது. அங்கே இரண்டு பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தார்கள். இந்தியாவிலேயே பெரிய டாக்டர்கள் எல்லாம் இருக்கிற ஊரில், ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தும், இந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லையே. மாமியார் வீட்டில் தங்கச்சிக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்கிறார்கள். ஐந்தாவது மாதத்திலேயே பிள்ளையைப் பெரியவளிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போனாள், அதுதான் காரணமாம். பெரியவளுக்கு ஏழு வயது. தங்கச்சி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இப்போது அவள் மறுபடியும் நான்கு மாதம். ஊருக்கு வரச் சொல்லலாமா, அங்கேயே இருக்கட்டுமா? அவள் செய்தது தவறா? மருத்துவம் தெரிந்தவர்களும், அந்தப் பக்கம் இருப்பவர்களும் சொல்லுங்கள்.

குர்லா நர்ஸம்மா:

தங்கச்சி, முதலில் ஒன்று. உங்கள் பதிவை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டுங்கள், நான் எழுதுவதையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். நான் 26 வருடம் மும்பையில் ஹெல்த் போஸ்டில், அதாவது மாநகராட்சியின் சின்ன சுகாதார நிலையத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கோவண்டி, பைங்கன்வாடி, மான்கூர்டு எல்லாம் நடந்தே சுற்றியிருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கிற வரிசை இருக்கிறதே, வயிற்றுப்போக்கு, அது நின்று மறுபடி வயிற்றுப்போக்கு, அப்புறம் சளி, மூச்சு, இதை நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அத்தனை தாய்களுக்கும் பிள்ளை வளர்க்கத் தெரியாமல் போகுமா?

உங்கள் ஊரில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீரோ, போரோ, குழாயோ, வேண்டிய மட்டும் எடுக்கலாம், பானையைக் கழுவலாம், பிள்ளையைக் கழுவிவிட்டு இரண்டு முறை கை கழுவலாம். சிவாஜி நகரில் என்ன நடக்கிறது? ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். பாண்டுப்பில் சுத்திகரித்து அனுப்பும்போது அது நல்ல தண்ணீர்தான், நான் குறை சொல்லமாட்டேன். கெடுவது கடைசி இருபது முப்பது அடியில். ஒரு தடவை பைங்கன்வாடியில் ஒரு சந்தில் குனிந்து பார்த்தேன், விரல் பருமனில் பத்துப் பதினைந்து குழாய்கள், எல்லாம் சாக்கடைக்குள்ளேயே படுத்துக்கிடக்கின்றன. ஒட்டுப் போட்ட இடத்தில் ரப்பர் டியூபைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். தண்ணீர் வரும்போது உள்ளே அழுத்தம் இருக்கும், கசிவு வெளியே போகும். தண்ணீர் நின்றதும் குழாய் காலி, வெளியில் இருக்கிற சாக்கடை உள்ளே போகும். மறுநாள் முதலில் வருகிற தண்ணீரில் அது கலந்துதான் வரும். அதைப் பிடித்து நீல டிரம்மில் வைத்து, டம்ளரை உள்ளே விட்டு மொண்டு எடுப்பார்கள். டம்ளரோடு கையும் போகும், ஏழு வயதுப் பிள்ளையின் கையும்தான் போகும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் இந்தத் தண்ணீர் பிள்ளையின் வாய்க்குப் போகாது. ஆனால் தாய் வேலைக்குப் போனால் புட்டிப்பால். புட்டியைக் கழுவுவதும் அதே தண்ணீர், பவுடரைக் கரைப்பதும் அதே தண்ணீர். தங்கை ஆசைக்கா வேலைக்குப் போனாள்? வாடகை கொடுக்க வேண்டும். பக்கத்தில் பிள்ளையை விட ஒரு பாலவாடி, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிற ஒரு இடம் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு. ஊரில் அவள் வயல் வேலைக்குப் போனபோது பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள்? நீங்களும் உங்கள் அம்மாவும்தானே.

இன்னொன்று, இது யாரும் கவனிக்காத விஷயம். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று ஊசிக்குப் போவார்கள், அங்கே எடை போடுவார்கள். அதற்கப்புறம் ஒன்பதாவது மாதம் தட்டம்மை ஊசிக்குத்தான் கூப்பிடுவார்கள். நடுவில் ஐந்தரை மாதம். அந்த ஐந்தரை மாதத்தில்தான் தாய் வேலைக்குத் திரும்புகிறாள், பிள்ளை தவழ ஆரம்பித்துத் தரையில் கிடப்பதை வாயில் போடுகிறது, சோறு ஊட்ட ஆரம்பிக்கிறோம், வயிற்றுப்போக்கும் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அரைக்கிலோ, கால்கிலோ குறையும், அது ஏறுவதற்குள் அடுத்தது. இளைத்த பிள்ளைக்கு நிமோனியா வந்தால் தாங்காது. அந்த நேரத்தில் பிள்ளை எடை ஏறவில்லை என்று யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அங்கன்வாடியில் மாதாமாதம் தராசில் வைக்க வேண்டும். உங்கள் தங்கையின் சந்துக்கு அங்கன்வாடி உண்டா, அவள் பெயர் அந்தப் பதிவில் உண்டா என்று கேளுங்கள். ஊரில் நர்ஸுக்கு யார் வீட்டில் பிரசவம் என்று தெரியும். இங்கே அடுத்த சந்தில் யார் குடிவந்தார்கள் என்பதே தெரியாது. மாதம் ஒரு வீடு மாறும் ஆட்கள், வாடகை ஏறினால் இன்னும் உள்ளே, குப்பைமேடு பக்கம் போய்விடுவார்கள். 2022 அக்டோபர், நவம்பரில் கோவண்டியில் தட்டம்மை பரவியபோது வீடு வீடாகப் போனோம். ஒரு ஊசிகூடப் போடாத பிள்ளைகள் இருந்தார்கள். கொரோனா காலத்தில் விட்டுப்போனது ஒன்று, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதது ஒன்று. அந்த முறை மும்பையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தட்டம்மைக்கு ஊசி வந்து எத்தனை வருடம் ஆகிறது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

ஆஸ்பத்திரி இருபது நிமிடம் என்பது கடைசி ராத்திரிக்குத்தான் உதவும். அதற்கு முந்தைய நான்கு மாதத்துக்கு உதவாது. அட்டை கிடைத்தால் எடைகளை இங்கே எழுதுங்கள், சொல்கிறேன்.

வடகரை செல்வம்:

மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இப்படி இடத்துக்குப் பிள்ளைகளோடு போனதே தவறு. மாப்பிள்ளை மட்டும் போய்ச் சம்பாதித்து அனுப்பியிருக்கலாம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க என்ன கஷ்டம்? செல்போன் எல்லார் கையிலும் இருக்கிறது, இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? அரசாங்கத்தையும் குழாயையும் குறை சொல்வதற்கு முன்னால் நம் சுத்தத்தை நாம் பார்க்க வேண்டாமா?

சீத்தா கேம்ப் தம்பி:

செல்வம் அண்ணே, கோபப்படாமல் எழுதவேண்டும் என்று பத்து நிமிடம் கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சீத்தா கேம்ப், நீங்கள் பேசுகிற கோவண்டிக்குப் பக்கத்திலேயே. எங்கள் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்தவர், மும்பையில் ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியில் இருந்தார். 1976 மே மாதம், எமர்ஜென்சி நேரம், ஜனதா காலனி மொத்தத்தையும் இடித்து ஆட்களைச் சீத்தா கேம்ப்பில் கொண்டுவந்து விட்டார்கள். அது சதுப்பு நிலம். மே முடிந்தால் மழை. அம்மா சொல்வார், சேற்றில் மூங்கிலை நட்டு மேலே சாக்கைப் போட்டுக்கொண்டு படுத்தோம், கக்கூஸ் கிடையாது, தண்ணீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டும் என்று. எனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள். அந்த மழைக்காலத்தில் பதினோரு மாதக் குழந்தை. அவளும் வயிற்றுப்போக்கில்தான் போனாள். ஜனதா காலனியில் இருந்தவரை அவளுக்கு ஒன்றும் இல்லை, அதே அம்மா, அதே கை, அதே சுத்தம். எட்டு வாரத்தில் எது மாறியது? இடம்தானே மாறியது?

தண்ணீர் காய்ச்சுவதைப் பற்றிச் சொன்னீர்கள். சிவாஜி நகரின் உள்ளே, குப்பைமேட்டை ஒட்டி இருக்கிற வீடுகளில் குழாயே கிடையாது. கேனில், டியூபில் விலைக்கு வாங்குகிறார்கள், முறையான இணைப்பு இருப்பவர் கட்டுவதைவிடப் பல மடங்கு கொடுத்து. வெயில் காலத்தில் ஒரு வீட்டின் நாள் கூலியில் நல்ல பங்கு தண்ணீருக்கே போகும். அந்தத் தண்ணீரை கேஸில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஐந்து பேருக்கு தினமும். சிலிண்டர் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். கை கழுவத் தண்ணீர் மிச்சம் இருக்குமா, சொல்லுங்கள்.

குழாய் ஏன் இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. ரொம்ப வருடமாக ஒரு தேதி வைத்திருந்தார்கள், முதலில் 1995 ஜனவரி 1, அப்புறம் 2000 ஜனவரி 1. அந்தத் தேதிக்கு முன்னால் இருந்த குடிசை என்று காகிதம் காட்டினால்தான் தண்ணீர் இணைப்பு. அதற்கப்புறம் வந்தவனுக்குத் தாகம் எடுக்காதா? பாணி ஹக் சமிதி என்று ஓர் அமைப்பு வழக்குப் போட்டு, 2014 டிசம்பரில்தான் பம்பாய் உயர்நீதிமன்றம், குடிசை சட்டப்படி இருக்கிறதா இல்லையா என்பது வேறு, குடிதண்ணீர் மறுக்கக் கூடாது என்று சொன்னது. தீர்ப்பு வந்த அன்று எங்கள் சந்தில் லட்டு கொடுத்தார்கள். ஆனால் விண்ணப்பம், காகிதம், பிளம்பர், ரோடு வெட்ட அனுமதி என்று ஒவ்வொரு குழாயும் வருடக்கணக்கில் நடந்துதான் வருகிறது.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேவ்னார் குப்பைமேட்டில் 1927-லிருந்து கொட்டுகிறார்கள். 2016 ஜனவரி கடைசியில் பற்றி எரிந்தபோது புகை விண்வெளியிலிருந்து எடுத்த படத்திலேயே தெரிந்தது. எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் மூடினார்கள். பெரிய தீயைத்தான் செய்தியில் போடுவார்கள், சின்னச் சின்னதாகப் புகைவது எப்போதும் உண்டு. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஈரத்துணியை ஜன்னலில் கட்டுவார்கள், ஜன்னல் இருந்தால். அந்தப் பிள்ளைக்கு இருமல் வந்தால் அது அம்மாவின் தப்பா?

மாப்பிள்ளை மட்டும் போயிருக்கலாம் என்பதும் அப்படித்தான். அவருக்கு ஒரு இடத்தில் வாடகை, சாப்பாடு, ஊரில் இவர்களுக்குச் செலவு என்று இரண்டு அடுப்பு எரிய வேண்டும். அதற்கு முடியாமல்தான் குடும்பமாக வருகிறார்கள்.

மக்கள்தொகை மாணவி:

நான் மக்கள்தொகையியல் படிக்கிறேன், ஊர் வேலூர். பொருநைக்காரி அக்கா கேட்ட கேள்வி எங்கள் பாடத்தில் பெரிய கேள்வி. நகரம் என்றால் குழந்தைகளுக்கு நல்லது என்று சராசரி சொல்லும். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 1000 குழந்தைகள் பிறந்தால் ஐந்து வயதுக்குள் இறப்பது கிராமத்தில் சுமார் 46, நகரத்தில் சுமார் 32 என்கிறது. அப்படியென்றால் நகரம்தானே பாதுகாப்பு? ஆனால் அந்த 32-க்குள் பணக்காரர்கள் இருக்கிற மலபார் ஹில் பிள்ளையும் இருக்கிறது, சிவாஜி நகர்ப் பிள்ளையும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை வார்டு வார்டாகப் பிரித்துப் பார்த்தது. மலபார் ஹில் இருக்கிற டி வார்டுக்கு மேம்பாட்டுக் குறியீடு 0.96, ஒன்றுதான் உச்சம். கோவண்டி, மான்கூர்டு, சீத்தா கேம்ப் எல்லாம் இருக்கிற எம் கிழக்கு வார்டுக்கு 0.05, நகரத்திலேயே கடைசி. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் அங்கே 1000-க்கு 66 என்று அந்த அறிக்கை போட்டிருந்தது. ஒரே மாநகராட்சி, ஒரே ஏரித் தண்ணீர், லோக்கல் ரயிலில் ஒரு மணிநேரத் தூரம்.

இது மும்பையில் மட்டும் நடப்பதும் இல்லை. நைரோபியில் 2000-ஆம் ஆண்டு சேரிப்பகுதிகளில் மட்டும் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். கென்யா முழுவதும் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் அப்போது 1000-க்கு 112, நைரோபி நகரத்துக்கு 62. சேரிகளில் மட்டும் எடுத்தபோது 151. நாட்டின் மூலையில் இருக்கிற கிராமத்துப் பிள்ளையையும் சேர்த்த சராசரியைவிட, தலைநகரத்தின் நடுவில் இருக்கிற பிள்ளைக்கு ஆபத்து அதிகம். உங்கள் தங்கை வீட்டில் நடந்தது இதேதான் அக்கா. அங்கேயும் பெரிய காரணங்கள் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும். கொரோகோச்சோ என்ற சேரியை ஒட்டி டண்டோரா என்ற குப்பைமேடு, தேவ்னார் மாதிரியே. அங்கேயும் தண்ணீரைக் கேன் கணக்கில்தான் வாங்குவார்கள்.

இன்னும் பின்னால் போனால் இங்கிலாந்து. பஞ்சாலைகள் பெருகிய மான்செஸ்டர். 1842-இல் எட்வின் சாட்விக் என்பவர் கொடுத்த அறிக்கையில் ஒரு அட்டவணை இருக்கிறது, முதல் தடவை பார்த்தபோது அச்சுப் பிழையோ என்று நினைத்தேன். மான்செஸ்டர் தொழிலாளி வீடுகளில் இறந்தவர்களின் சராசரி வயது 17. ரட்லண்ட் என்ற கிராமப்புற மாவட்டத்தில் கூலிக்காரர் வீடுகளில் 38. மான்செஸ்டரில் வசதியான வீடுகளிலும் 38தான். அதாவது கிராமத்து ஏழையும் மான்செஸ்டர் பணக்காரரும் ஒரே அளவு. 17 என்றால் எல்லாரும் 17 வயதில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஐந்து வயதைத் தாண்டவில்லை, அது சராசரியை அவ்வளவு கீழே இழுத்தது. கூலி மான்செஸ்டரில்தான் அதிகம், வேலை தேடி அங்கேதான் போனார்கள். வீடு கட்டியவர்கள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டினார்கள், சாக்கடை போடவில்லை. ஊர் வளர்ந்த வேகத்துக்குக் குழாய் வளரவில்லை. அந்த அம்மாக்களையும் அன்றைக்குப் பத்திரிகைகளில் பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் என்றுதான் எழுதினார்கள். பின்னால் சாக்கடையும் சுத்தமான தண்ணீரும் பாலும் வந்ததும் இறப்பு இறங்கியது. இன்று வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். இருக்கிறது, தட்டம்மை ஊசி இருக்கிறது, அவர்களிடம் அதுவும் இல்லை.

செல்வம் அண்ணனுக்கு ஒன்று. வீட்டு வருமானம், அம்மாவின் படிப்பு இதெல்லாம் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு குடும்பங்களை எடுத்து, ஒன்று எல்லாரும் ஏழையாக இருக்கிற பகுதியிலும் இன்னொன்று கலந்து வாழ்கிற பகுதியிலும் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் துறையில் பேசுவது. நாம் நம் கக்கூஸை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் நூறு வீட்டுக் கழிவு நம் வாசல் வழியாகப் போனால் பிள்ளைக்குத் தப்பிக்க வழியில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊசி போடவில்லை என்றால், ஒன்பது மாதம் ஆகாத நம் பிள்ளைக்குத் தட்டம்மை வரும். நூற்றுக்கு 95 பேருக்குப் போட்டால்தான் மீதிப் பேருக்கும் பாதுகாப்பு. காசு உள்ளவர்கள் பகுதியில் குழாய் உடைந்தால் ஒரு போன் போதும், ஏனென்றால் கேட்பவர் பெயர் தெரிந்த பெயர்.

கணக்கைப் பற்றியும் சொல்லவேண்டும், எனக்கு ரொம்ப வருத்தம் அதில்தான். 2013-இல் தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம் வந்தபோது 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்று விதி வைத்தார்கள். எம் கிழக்கு வார்டில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 8 லட்சம் பேர். அந்தக் கணக்கில் 16 வேண்டும். ஆனால் 2011-க்குப் பிறகு வந்தவர்கள் எங்கே? 2021-இல் எடுக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. உங்கள் தங்கை போனது நான்கு வருடத்துக்கு முன்னால். அவளும் பிள்ளைகளும் எந்த எண்ணிக்கையிலும் சேராமலே அங்கே குடியிருந்தார்கள். அந்தப் பையன் பிறந்ததையும் இறந்ததையும் பதிந்தார்களா அக்கா?

வடகரை செல்வம்:

தம்பி, உங்கள் அக்காவைப் பற்றித் தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னித்துவிடுங்கள். பொருநைக்காரியும் மன்னிக்க வேண்டும். நான் பார்த்த மும்பை ஸ்டேஷனும் லாட்ஜும்தான். ஒரு சந்தேகம் மட்டும். அங்கே இருப்பவர்களுக்கு அடுக்குமாடி கட்டிக் கொடுக்கிறார்களே, அதில் குழாய், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வந்துவிடுமே. அப்படிப் போனவர்கள் வீட்டில் பிள்ளைகள் பரவாயில்லையா?

சீத்தா கேம்ப் தம்பி:

பரவாயில்லை அண்ணே, விடுங்கள்.

நல்ல கேள்விதான். கோவண்டியிலேயே நட்வர் பாரேக் காம்பவுண்டு, மான்கூர்டு பக்கம் லல்லுபாய் காம்பவுண்டு என்று இருக்கிறது. சாலை, ரயில் பாதை வேலைக்காக அப்புறப்படுத்தியவர்களை அங்கே குடிவைத்தார்கள். என் பெரியம்மா மகன் நட்வர் பாரேக்கில் இரண்டாவது மாடியில் இருக்கிறான். கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் நடுவில் மூன்று மீட்டர்தான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு லைட் போட்டால்தான் அவன் மகள் சாப்பிடுகிற தட்டு தெரியும். ஜன்னலைத் திறந்தால் மேல்வீட்டுக் குப்பை உள்ளே வரும், அதனால் திறப்பதே இல்லை. டாக்டர்கள் அங்கே ஆய்வு செய்து, வெளிச்சமும் காற்றும் இல்லாத கீழ்மாடிகளில் காசநோய் அதிகம் என்று 2018-இல் சொன்னார்கள். குழாய் கிடைத்தது உண்மை, கக்கூஸ் கிடைத்ததும் உண்மை, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். பெண்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் இருமலும் கூடவே வந்தது.

பெரும்பாக்கம் ரேவதி:

குறுக்கே வருகிறேன். சென்னையிலும் இதே மாதிரிதான். கூவம் ஓரத்திலிருந்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். வீடு நன்றாகவே இருக்கிறது, எட்டு மாடி, லிப்ட். ஆனால் நான் வேலை பார்க்கிற வீடுகள் எல்லாம் நுங்கம்பாக்கத்தில். காலையில் ஐந்தரைக்குப் பஸ் ஏறினால் மதியம் இரண்டரைக்குத்தான் வீடு. முன்பு பத்து மணிக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி போவேன், இப்போது முடியாது. மூன்றாவது மாதமே புட்டிப்பால் ஆரம்பித்துவிட்டேன், வேறு வழி தெரியவில்லை. என் மகள் நன்றாக இருக்கிறாள், அது அங்கன்வாடி டீச்சர் புண்ணியம். இரண்டு தடவை எடை குறைந்ததும் வீட்டுக்கே வந்து கூப்பிட்டுக்கொண்டு போனார். நர்ஸம்மா சொன்ன தராசு விஷயம் சத்தியம்.

பொருநைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. செல்வம் அண்ணன், மன்னிப்பெல்லாம் வேண்டாம், எங்கள் வீட்டிலேயே அப்படித்தானே பேசினார்கள்.

அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். தங்கச்சி அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாளாம், மாப்பிள்ளைக்கே தெரியாது. பிறந்தபோது 2.75. பதினான்காவது வாரம் 5.6. ஐந்தாவது மாதம் ஒருமுறை சளிக்குப் போனபோது எழுதியிருக்கிறார்கள், 6.4. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்த சீட்டில் 6.1. நடுவில் எல்லாம் காலிக் கட்டம். பிறப்பைப் பதிந்திருக்கிறார்கள், இறப்புச் சான்றிதழும் வாங்கியிருக்கிறார் மாப்பிள்ளை. அங்கன்வாடியைப் பற்றிக் கேட்டதற்கு, மூன்று சந்து தள்ளி ஒன்று இருக்கிறது, அட்ரஸ் காகிதம் கேட்பார்கள் என்று பயந்து போகவில்லை என்றாள்.

நர்ஸம்மா எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன். டிரம்மும் டம்ளரும் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். அப்புறம் ரொம்ப நேரம் அழுதாள். ஆடிக்குப் பிறகு அவள் அழுது நான் கேட்டது இதுதான் முதல் தடவை. கடைசியில், பெரியவளுக்கு இதைச் சொல்லவேண்டும் அக்கா, தம்பி போனது தன்னால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. ஏழு வயதுப் பிள்ளை மனதில் அதை வைத்துக்கொண்டு இத்தனை மாதம் பள்ளிக்கூடம் போயிருக்கிறது.

பிரசவத்துக்கு ஊருக்கு வருவதாக முடிவு செய்திருக்கிறோம். ஆனால் பிள்ளைக்கு ஆறு, ஏழு மாதம் ஆனதும் திரும்பிப் போகத்தான் வேண்டும் என்கிறாள். அப்போது என்ன செய்யவேண்டும் என்று நர்ஸம்மா சொல்லுங்கள்.

குர்லா நர்ஸம்மா:

ஐந்தாவது மாதம் 6.4, ஒன்பதாவது மாதம் 6.1. நான் பயந்தது அதுதான் தங்கச்சி. அந்த வயது ஆண்பிள்ளை ஏழு கிலோவுக்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். அந்தக் காலிக் கட்டங்களை நிரப்ப வேண்டியது உங்கள் தங்கை மட்டும் இல்லை. அவள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய ஆட்களும் இருக்கிறார்கள், நான் உட்பட. அந்த வருடம் நான் அந்தப் பக்கம் இல்லை, ஆனால் என்னைப் போல ஒருத்தி இருந்திருப்பாள், இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டு.

முடிந்தவரை ஊரில் ஆறு மாதம் முழுவதும் இருக்கட்டும், தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். திரும்பிப் போகும்போது ஊர் அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த வாரமே அங்கன்வாடியில் பெயர் கொடுக்கட்டும். அட்ரஸ் காகிதம் இல்லையென்றாலும் எடை போடவும் ஊசி போடவும் மறுக்கக் கூடாது, மறுத்தால் எனக்கு எழுதுங்கள். மாதத்துக்கு ஒருமுறை தராசு. இரண்டு மாதம் எடை ஏறவில்லை என்றால் பிள்ளை சிரித்து விளையாடினாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். டிரம்முக்கு அடியில் குழாய் வைத்தது வாங்குங்கள், இல்லாவிட்டால் நீளக் கைப்பிடி வைத்த அகப்பை ஒன்று போதும், கை உள்ளே போகக் கூடாது. குழந்தைக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் தனியாகக் காய்ச்சி மூடி வைத்தால் கேஸ் அவ்வளவு ஆகாது. புட்டியே வேண்டாம், பாலாடை அல்லது ஸ்பூன்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டரில் முழுசாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, தாய்ப்பாலும் சோறும் நிறுத்தாமல். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். மூன்றாவது நாளே போக்கு நின்றுவிட்டால் எல்லாரும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தக் கூடாது, அடுத்த தடவை வராமல் காப்பதும் அதுதான். போக்கை நிறுத்துகிற ஊசி, மருந்து எதுவும் வேண்டாம். கண் குழிந்தால், தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்பினால், பால் குடிக்கவில்லையென்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. சளி இருந்தால் சட்டையைத் தூக்கி, பிள்ளை அழாமல் இருக்கும்போது, கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50-ஐத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். இதைப் பெரியவளுக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவள் பள்ளிக்கூடம் போகட்டும். பகலில் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், அதைத்தான் இப்போதிருந்தே தேட வேண்டும். சிவாஜி நகரில் எனக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ப் பெண்கள் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் தங்கை வீடு எந்தச் சந்தில் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், பெரியவளோடும் கொஞ்சம் பேசவேண்டும்.